பல்லுக்குப் பட்டாபிஷேகம்

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகமான அன்று முறுக்கைக் கடித்தேன். கடைவாய்ப் பல் பாதி உடைந்தது. "பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும்" என்றாள் மனைவி. கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது நாட்டின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். நூறாண்டு கடந்தும் நமக்குத் தெரிந்த வைத்தியம் பிடுங்குவதுதான்!

பிடுங்கினாலோ அண்டைப் பற்கள் அவ்விடத்தில் சாயும். வேர் உறுதியாயிருந்தபடியால், வைத்தியர் பல்லைச் சுற்றிச் சிறிது அராவி, அச்செடுத்து, பீங்கான் உறையொன்றைச் சிமெண்டால் பொருத்தினார். மெல்லும் பாரத்தை உறை தாங்குவதால் பல் மேலும் பிளவாமல் காக்கப்படுகிறது. என் பல்லுக்கும் பட்டாபிஷேகம்!

ஆனால் முடி சூட்டியதும் காவலை நீக்கலாகாது, நேயர்களே. உறை சொத்தையாவதில்லை, ஈறருகே அதன் விளிம்பில் தங்கும் அழுக்கு உள்ளிருக்கும் பல்லை அரிக்கும். இரு வேளையும் துலக்குங்கள். பல் போனால் சொல் போச்சு; சொல்லை விற்றுப் பிழைக்கும் உபாத்தியாயனுக்கு வேறென்ன முதல்?