ஆலை வாசலில் பலகை உண்டு. காலேஜ் வாசலில் ஏன் இல்லை?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போயிருக்கிறீர்களா? பெரிய ஆலைகளின் கேட் ஓரத்தில் ஒரு பலகை இருக்கும். ஷிப்டு எத்தனை மணிக்கு, லீவு எந்த நாள், சம்பளம் எந்தத் தேதி என்று எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். வெயிலில் மங்கியிருக்கலாம். ஓரம் கிழிந்திருக்கலாம். ஆனாலும் பலகை இருக்கும்.

அப்படியே ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து வாருங்கள். இல்லையென்றால் திருவள்ளூர் பக்கம் காக்களூரைத் தாண்டிப் போங்கள். எந்த ரோட்டில் திரும்பினாலும் ஒரு காலேஜ் வரும். அதன் வாசலிலும் பலகை உண்டு. ஆலைப் பலகையை விடப் பத்து மடங்கு பெரிசு! முதல் மார்க் வாங்கிய பெண்ணின் படம். வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகளின் பெயர். அட்மிஷனுக்குப் போன் நம்பர்.

உள்ளே வேலை பார்க்கிற லெக்சரருக்கு அதில் என்ன செய்தி? லேப் அட்டெண்டருக்கு? காலேஜ் பஸ் டிரைவருக்கு? பெருக்குகிற அம்மாவுக்கு? ஒரு வரி கிடையாது.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பீர்கள். விஷயம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரெயிலில் கேட்ட பேச்சு

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரெயில். மீஞ்சூரில் கூட்டம் இறங்கிவிட்டது. என் எதிரே இரண்டு பேர். ஒருவர் இரும்பு ஆலைத் தொழிலாளி. மடியில் டிபன் கேரியர். மற்றவர் தனியார் என்ஜினீயரிங் காலேஜ் லெக்சரர். தினமும் ஒரே பெட்டியில் வருகிறவர்கள் போலிருக்கிறது.

"என்ன சார், சம்பளம் வந்திடுச்சா?"

"இன்னும் போடலை தம்பி."

"இன்னிக்குப் பதினெட்டாம் தேதி ஆச்சே சார்!"

"ஆபீஸ்ல கேட்டா, சர்குலர் வரும்னு சொல்றாங்க."

"எங்க ஆலையில ஏழாம் தேதி தாண்டினா கேட்டுல கூட்டம் கூடிடும். நீங்க எல்லாம் படிச்சவங்க. நாலு பேரு சேர்ந்து போய்க் கேட்கக்கூடாதா?"

லெக்சரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னேரி வரும் வரை பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"கேட்கலாம் தம்பி. என் அசல் சர்டிபிகேட் எல்லாம் அவங்க பீரோவுல இல்ல இருக்கு!"

தொழிலாளி அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சட்டம் யாருக்கு?

ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பலகை சும்மா வந்துவிடவில்லை. 1936-ல் சம்பளப் பட்டுவாடா சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக இருக்கும் ஆலை என்றால் 7-ந் தேதிக்குள், அதற்கு மேல் என்றால் 10-ந் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1946-ல் நிலையாணைச் சட்டம் வந்தது. வேலை நிபந்தனைகளை வாசல் அருகே, தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரிகிற பாஷையில் எழுதி ஒட்ட வேண்டும் என்றது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டமும் அதே மாதிரி அறிவிப்புப் பலகை கேட்டது.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நாலு புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அவற்றில் தொழிலாளிக்கு நல்லது எது, கெட்டது எது என்று தொழிற்சங்கங்கள் சண்டை போடுகின்றன. அது தனிக் கதை. ஆனால் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் என்கிற பேச்சு அதிலும் இருக்கிறது.

"புரிகிற பாஷையில்" என்று எழுதினார்களே, அதைக் கவனியுங்கள். இன்று கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பீகார், ஒடிசாக்காரர்கள் ஏராளம். அவர்களுக்காக இந்தியிலும் எழுதி ஒட்டுகிற ஆலைகள் உண்டு. அறிவிப்பு என்றால், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குப் புரிய வேண்டும். அதுதான் அதன் உயிர்.

சரி, லெக்சரர் கதை என்ன? ஆசிரியர் என்பவர் தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கோவாவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை போட்ட வழக்கு அது. ஆசிரியத் தொழில் உயர்ந்த தொழில் என்ற மரியாதையில்தான் அப்படிச் சொன்னார்கள். மரியாதை கிடைத்தது. தொழிலாளர் கோர்ட்டின் கதவு மூடிக்கொண்டது!

ஆகவே பலகை போடச் சொல்லி வாத்தியாருக்காகச் சண்டை பிடிக்க ஆள் இல்லை.

ஒரே ஆள், 11 காலேஜ்!

பலகை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2024 ஜூலையை நினைத்துப் பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் என்ஜினீயரிங் காலேஜ்களில், ஒரே வாத்தியார் பல காலேஜில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்கு காட்டியிருக்கிறார்கள் என்று அறப்போர் இயக்கம் வெளியிட்டது. 353 பேர், 224 காலேஜ்! ஒரே ஆள் 11 காலேஜில் வேலை பார்த்ததாகக்கூடக் கணக்கு இருந்தது. காலையில் ஒரு காலேஜ், மத்தியானம் ஒரு காலேஜ் என்றாலும் ஒரு சுற்று வரவே ஐந்தரை நாள் ஆகுமே!

அப்போதைய துணைவேந்தர் வேல்ராஜ் விசாரித்துச் சொன்னது இன்னும் தூக்கிவாரிப் போட்டது. சுமார் 52,500 ஆசிரியர் இடங்களில் 2,000 இடங்கள் இப்படி இரட்டைக் கணக்கு. அந்த 2,000 இடத்தையும் நிரப்பியவர்கள் வெறும் 189 பேர்!

இது எப்படிப் பிடிபட்டது? இன்ஸ்பெக்ஷன் குழு பிடித்ததா? இல்லை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் வெளியே தெரியும்படி இருந்தது. பொதுமனிதர்கள் உட்கார்ந்து, பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குட்டு உடைந்தது. செய்தி வெளியே தொங்கினால் திருட்டு நிற்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே பட்டியலைக் காலேஜ் வாசலில் ஒட்டினால் என்ன? எதிரே டீக்கடை வைத்திருப்பவர் போதும். "இந்த சாரா? நான் பார்த்ததே இல்லையே!" என்று அவரே சொல்லிவிடுவார். அட்மிஷனுக்குப் பணம் கட்ட வந்த அப்பாவும் அதைப் படிப்பார். தன் பெயர் தனக்குத் தெரியாமல் எங்காவது போயிருந்தால், அந்த வாத்தியாருக்கும் தகவல் கிடைக்கும்.

பீரோவில் தூங்கும் சர்குலர்

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். வாத்தியார்களுக்குச் சாதகமாக அறிவிப்பே வருவதில்லையா? வருகிறது. ஆனால் அது பிரின்சிபால் மேஜைக்கு வரும். அங்கிருந்து பீரோவுக்குப் போகும். யாருக்காக எழுதினார்களோ, அவர் கண்ணில் படாது.

ஆசிரியர்களின் அசல் சர்டிபிகேட்டை நிர்வாகம் பிடித்து வைக்கக்கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது. அந்த ரெயில் லெக்சரருக்கு அது தெரிந்திருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாரா?

கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியாருக்கு அது கிடையாது என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. பார்லிமெண்டு 2009-ல் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3-ந் தேதி முதலே அது ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கியது. தனியார் பள்ளிக்கூடக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு முடித்துவிட்டது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டால், பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேலேயே வரும். எத்தனை பேர் இது தெரியாமல் ஒரு மாலையும் ஒரு போட்டோவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

கவுரவம் பெயரில் மட்டும்

தனியார் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. திருத்தணியில் இருக்கிறது. மாநிலம் முழுக்க இப்படி உள்ள கல்லூரிகளில் பாதிப் பாடத்தைத் தூக்கி நிறுத்துபவர்கள் கவுரவ விரிவுரையாளர்கள். வருஷத்துக்கு 11 மாதம் மட்டும் தொகுப்பூதியம் என்பது அவர்கள் ரொம்ப காலமாகப் பார்த்த வழக்கம். மே மாதம் வயிறு லீவு எடுத்துக்கொள்ளுமா?

பாடவேளைக்கு ரூ.1,500, மாதம் அதிகபட்சம் ரூ.50,000 என்று யு.ஜி.சி. 2019 ஜனவரியில் சொன்னது. அதைக் கொடுங்கள் என்று சென்னை ஐகோர்ட்டு 2024 மார்ச்சில் சொன்னது. 2025 ஆகஸ்டில் குஜராத் என்ஜினீயரிங் கல்லூரி ஒப்பந்த ஆசிரியர்கள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. மாதம் ரூ.30,000 வாங்கி வந்தவர்களுக்கு நிரந்தர ஆசிரியரின் ஆரம்பச் சம்பளமாவது கொடு என்றது. குருவைத் தெய்வம் என்று விழா மேடையில் சுலோகம் சொல்வதில் பயன் இல்லை, நடத்துகிற விதத்தில் அது தெரிய வேண்டும் என்று நீதிபதிகள் இடித்தும் காட்டினார்கள்.

இந்த மூன்று செய்தியையும் எந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் பார்த்தீர்கள்?

1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே என்ன ஆயிற்று? ரூ.424 கோடி வரி பாக்கி என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை அதன் 37 பேங்க் கணக்குகளை முடக்கியது. வேலையில் இருப்பவருக்குச் சம்பளம் வருமா, ரிட்டையர் ஆனவருக்குப் பென்ஷன் வருமா என்று எல்லோரும் தவித்தார்கள். நோட்டீஸ் வந்த அன்றே ஊழியருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பணம் வந்துவிடாதுதான். ஆனால் அந்த மாதம் சீட்டுப் பணமும் வாடகையும் எப்படிக் கட்டுவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்கவாவது நேரம் கிடைத்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு காலேஜ் வாசலிலும் ஒரு பலகை. அதில் நாலே நாலு காகிதம்.

ஒன்று, இங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்கள், ஊழியர்கள் பட்டியல்.

இரண்டு, சம்பளத் தேதி. தாமதம் என்றால் என்ன காரணம், என்றைக்கு வரும் என்று கையெழுத்துப் போட்ட காகிதம்.

மூன்று, ஊழியர் சம்பந்தப்பட்ட சர்குலர் வந்தால், வந்த தேதியோடு அப்படியே ஒட்ட வேண்டும்.

நாலு, குறை சொல்ல வேண்டிய இடம், ஆள், நேரம்.

எல்லாம் தமிழில்! 1956-லேயே இந்த மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழி ஆகிவிட்டது. பெருக்குகிற அம்மாவுக்கு இங்கிலீஷில் சர்குலர் அனுப்பினால் அது அறிவிப்பா, ஒளித்து வைத்ததா?

"எல்லாம் வெப்சைட்டில் போட்டிருக்கிறோமே" என்பார்கள். நல்லது. காலேஜ் வாசலில் மாணவியின் படத்தை மட்டும் ஏன் ஒட்டுகிறீர்கள்? அதையும் வெப்சைட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதானே!

"பலகை போட்டால் சம்பளம் வந்துவிடுமா?" என்றும் கேட்பார்கள். வராது. ஆனால் தேதி எழுதிப் போட்ட வார்த்தையில் இருந்து நழுவுவது கஷ்டம். ஆலைத் தொழிலாளி ஏழாம் தேதி நிமிர்ந்து நின்று கேட்கிறார் என்றால், அந்தத் தேதியை அவர் மட்டும் அல்ல, ஊரே படித்திருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் குழு அனுப்புகின்றன. லேப் எத்தனை, நாற்காலி எத்தனை, புத்தகம் எத்தனை என்று எண்ணுகிறார்கள். உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்க்கட்டும். ஊழியர் பலகை இருக்கிறதா? தேதி புதுசா? இல்லையென்றால் இணைப்பு கிடையாது என்று சொல்லட்டும். ஒரே வருஷத்தில் எல்லா வாசலிலும் பலகை முளைத்துவிடும்!

பலகைக்கும் ஆணிக்கும் செலவு எவ்வளவு ஆகும்? காலேஜ் வாசலில் வைத்திருக்கிற கட்-அவுட்டில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

அந்த லெக்சரரைப் பிறகும் ரெயிலில் பார்த்தேன். தொழிலாளி மறுபடி கேட்டார்: "சர்குலர் வந்துச்சா சார்?"

"வரும் தம்பி" என்றார் அவர்.

நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரை எத்தனை நாள் இப்படிச் சொல்ல வைப்பது?