அரிவாள் செல் நோயாளிகளுக்கு ஊருக்கருகிலேயே தொடர் சிகிச்சை கோரும் மனு

அனுப்புநர்: கூடலூர், பந்தலூர் வட்டங்களில் அரிவாள் செல் நோயுள்ளவர்களின் குடும்பத்தார் சங்கம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நீலகிரி மாவட்டம்.
நகல்: மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: மருந்து, வலி சிகிச்சை, குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இந்த நோய்க்கான தேசிய ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முகாம்களில் ரத்தம் எடுத்து, முடிவை அட்டையில் எழுதித் தருவதை மனமார வரவேற்கிறோம். அட்டையோடு மருந்தும் வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தைத் தினமும் சாப்பிட்டால் வலி வருவது குறைகிறது, ரத்தம் ஏற்றும் தேவையும் குறைகிறது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் பலனில்லை. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இறங்கிவிடாமல் அவ்வப்போது எண்ணிக்கை பார்க்கவும் வேண்டும். அதற்காகக் கூலியை விட்டு, பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரி வரை போய்வர எல்லோராலும் முடிவதில்லை. போக முடியாதவரின் மருந்து நின்றுபோகிறது. அவரை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதிவைப்பது நியாயமாகாது. எனவே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த எண்ணிக்கை பார்த்து, மருந்தும் தடையின்றிக் கொடுக்க உத்தரவிட வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 20 மி.கி. என்ற கணக்கில் நாளுக்கு 240 மி.கி. போதும். 500 மி.கி. கேப்சூலை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள்? குறைந்த அளவு மாத்திரையோ திரவ மருந்தோ கட்டாயம் இருப்பில் வேண்டும்.

அடுத்தது வலி. குளிரும் காய்ச்சலும் உடலில் நீர் குறைவதும் இந்த வலியைத் தூண்டும். மலையில் தேயிலை பறிப்பவர் இவற்றுக்குத் தப்ப முடியாது. அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும்போது எலும்பு, நெஞ்சு, வயிறு எங்கும் தாங்க முடியாத வலி எழும். வெளியே காயம் தெரியாததால், நடிக்கிறார் என்றும் குடித்திருக்கிறார் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களில் உண்டு. முகாமில் தந்த அட்டையோடு வலியில் வருபவரைப் புறநோயாளி வரிசையில் நிறுத்தாமல், ஒரு மணி நேரத்துக்குள் தகுந்த வலி நிவாரணி கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் மார்ஃபின் உட்பட. நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறலோ, கை கால் செயலிழப்போ கண்டால் உடனே 108 ஆம்புலன்சில் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி இவற்றை எழுத்துபூர்வமான நடைமுறையாக்கி, அவசரப் பிரிவுச் சுவரில் தமிழில் ஒட்டிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

நோயுள்ள குழந்தையைப் பிறந்தவுடனே கண்டறிந்தால், ஐந்து வயதுவரை தினமும் பென்சிலின் கொடுத்து உயிர்க்கொல்லித் தொற்றுகளைத் தடுக்கலாம். பழங்குடித் தாய்மாருக்குப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் காலையில் குளிக்க வெந்நீரும், கூடுதல் கம்பளியும், வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் அனுமதியும் கிடைத்தால் ஆஸ்பத்திரி நாட்கள் எவ்வளவோ குறையும். இதற்குப் பெரிய செலவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான சிறப்பு முகாமைக் கூடலூரிலேயே நடத்த வேண்டும். நோயாளி யார், மரபணுவை மட்டும் சுமப்பவர் யார் என்பதை மக்களின் சொந்த மொழியில், அவர்களுள் ஒருவரே விளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இது விளங்காமல் பெண்பிள்ளைகளின் திருமணம் நின்றுபோகிறது.

இவை குறித்து எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்