வாளுக்கும் உண்டு சர்வீஸ் புத்தகம்

பழைய பொருள் என்றால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். குத்துவிளக்குக்கு அது சரி. எல்லாப் பழைய பொருளுக்கும் அது சரியல்ல என்பது என் கட்சி. அதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது ஜப்பானிய வாளை.

'எழுபது தாண்டியவருக்குச் சாமுராய் வாள் எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என்னிடம் வாள் ஏதும் இல்லை. பென்ஷனில் வாங்குகிற சரக்கும் அல்ல அது. மகளைப் பார்க்கப் பாரிசுக்குப் போயிருந்தபோது, இன்வாலிதில் உள்ள ராணுவ அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கவசங்களைப் பார்த்தேன். அரக்குப் பூசிய தகடுகளைப் பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாகக் கோத்திருந்தார்கள். போருக்குப் போகிறவனுக்கு இத்தனை அழகு எதற்கு என்று நின்றுவிட்டேன். அன்று பிடித்த ஆர்வம்தான். சின்ன வயதில் பள்ளியில் படித்த பிரெஞ்சு இப்போது இந்தப் புத்தகங்களைப் படிக்கக் கைகொடுக்கிறது.

சென்ற ஆண்டு பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் ஓர் ஏலத்தில் பழைய ஜப்பானிய வாள் ஒன்றை எடுத்தான். கைப்பிடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "உள்ளே ஒரே துருவா இருக்கு பெரியப்பா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடட்டுமா?" என்றான். கையை எடு என்றேன். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிற பிள்ளை.

கைப்பிடிக்குள் செருகியிருக்கும் அந்தப் பகுதியை 'நகாகோ' என்கிறார்கள். ஒரு சின்ன மூங்கில் ஆணிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வந்துவிடும். வாளை அடித்த கொல்லர் தன் பெயரையும் ஊரையும் சில நேரம் ஆண்டு மாதத்தையும் உளியால் வெட்டுவது இங்கேதான். அலுவலகத்தில் நாம் வைத்திருந்தோமே சர்வீஸ் புத்தகம், அதுதான் இது. முதல் பக்கத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி. பிறகு வாழ்க்கையில் நடந்தது எல்லாம்.

முற்காலத்து நீண்ட வாள்களைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் வசதிக்குக் குறைத்துக்கொண்டார்கள். முனைப் பக்கம் கைவைக்காமல் அடியில் வெட்டிக் குறைப்பார்கள். அப்போது கொல்லர் பெயரும் போய்விடும். சிலர் மனம் பொறுக்காமல், பெயர் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய அடிப்பகுதியில் பதித்து வைத்தார்கள். பழைய பக்கத்தைப் புதிய புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டது போல.

அங்கே இருக்கும் துருவும் ஒரு பதிவுதான். பல நூறு ஆண்டில் படிந்த கருந்துருவின் நிறத்தையும் தன்மையையும் பார்த்தே வாளின் வயதை மதிப்பிடுகிறார்கள். பழமை தரும் இந்த மேல்பூச்சைப் பிரெஞ்சில் 'பத்தீன்' என்பார்கள். அதைத் தேய்ப்பது சர்வீஸ் புத்தகத்தை ரப்பர் வைத்து அழிப்பதுதான். அடித்தல் திருத்தல் கூடாது என்று எத்தனை ஆடிட் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

வெளியே தெரியும் அலகுக்கும் இதே எச்சரிக்கைதான். அதைத் தீட்டுவது தனித் தொழில். பல வகை இயற்கைக் கற்களால் வாரக்கணக்கில் தீட்டுவார்கள். ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் எஃகு குறையும். அடிக்கடி தீட்டினால் மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருக்கும் மெதுவான எஃகு தெரிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்டதைக் 'களைத்துப்போன வாள்' என்கிறார்கள். வைத்திருப்பவர் செய்யக்கூடியது இவ்வளவுதான்: விரல் படாமல் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிராம்பு மணக்கும் எண்ணெயை மெல்லப் பூசி உறையில் போடுவது.

தம்பி மகன் அனுப்பிய படத்தில் பெரிய கொல்லர் ஒருவரின் பெயர் இருந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெயரைப் பார்த்து மயங்காதே என்றேன். 17ஆம் நூற்றாண்டில் கொடெட்சு என்று ஒருவர் இருந்தார். முதலில் கவசம் செய்தவர், பிறகு வாளுக்கு மாறினார். அவர் பெயரில் வந்த போலிகளுக்குக் கணக்கே இல்லை. கொடெட்சு என்று வெட்டியிருந்தாலே முதலில் சந்தேகப்படு என்பது அங்கே பாலபாடம். அதனால்தான் ஜப்பானில் வாள் படிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். அடிப்பகுதியைத் துணியால் மூடிவிட்டு வாளைக் கையில் கொடுப்பார்கள். வளைவு, எஃகின் ரேகை, விளிம்பில் ஓடும் வெண்ணிற அலை இவற்றை மட்டும் பார்த்து, செய்தவர் யார் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சர்ட்டிபிகேட்டைப் பார்க்காமல் ஆளை எடைபோடுவது போல.

இந்தப் படிப்பு இருந்ததால்தான் ஜப்பானிய வாள்களே பிழைத்தன. 1876இல் வாள் அணிந்து நடமாடுவதைத் தடுத்தது அவர்களின் சொந்த அரசு. 1945இல் தோற்றபோது அமெரிக்கப் படை எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. ஹொன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் கர்னல் கேட்வெல் என்ற அமெரிக்க அதிகாரியிடம், இவை கலைப்பொருள்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். அவரும் கேட்டார். அப்படியும் அழிந்தவை, படைவீரர்களோடு கப்பலேறியவை ஏராளம். பிழைத்தவற்றுக்குப் பதிவுச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டில் வாளின் நீளம், வளைவு, ஆணித் துளை எத்தனை, வெட்டிய பெயர் எல்லாம் இருக்கும். உரிமையாளர் பெயருக்கு மட்டும் இடம் இல்லை! கை மாறினால் 20 நாளுக்குள் மாவட்டக் கல்வி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டு வாளோடு போகும். இதை வகுத்தவர் யாரோ, நம்ம ஜாதி கிளார்க்காகத்தான் இருக்க வேண்டும்.

படித்தவன் கையில் கிடைப்பதற்கும் படிக்காதவன் கையில் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். தொக்குகாவா குடும்பத்தின் 'ஹொன்ஜோ மாசமுனே' புகழ்பெற்ற வாள். 1945 டிசம்பரில் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து ஓர் அமெரிக்கப் படைவீரர் கைக்குப் போனது, இன்றுவரை காணவில்லை. இன்னொன்று ககோஷிமாவின் தெருகுனி கோயிலுக்குச் சொந்தமான குனிமுனே வாள். தேசியப் பொக்கிஷம், அதுவும் போர் முடிந்த குழப்பத்தில் காணாமல் போனது. அமெரிக்காவில் அல்கா-செல்ட்சர் மாத்திரை செய்யும் கம்பெனியை நடத்திய வால்ட்டர் காம்ப்டன் பெரிய வாள் சேகரிப்பாளர். தன் கைக்கு வந்தது அந்த வாள்தான் என்று தெரிந்ததும், 1963இல் காசு வாங்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். படித்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. அடையாளம் தெரிந்ததால்தான் திருப்பித் தர முடிந்தது.

கவசத்திலும் ஒரு கூத்து உண்டு. 1613இல் ஷோகுன் ஹிதெதாதா, இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸுக்குக் கவசங்களைப் பரிசாக அனுப்பினார். கொண்டுபோனவர் கேப்டன் ஜான் சாரிஸ். ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை, லண்டன் கோபுரத்தில் ஒரு கவசத்துக்கு 'மொகலாயப் பேரரசர் தந்தது' என்று பெயராகிவிட்டது. நாராவைச் சேர்ந்த இவாய் யோசாயெமோன் செய்த கவசம், ஒரு தப்பான குறிப்பால் டில்லிக்காரன் ஆகிவிட்டது!

கொலைக் கருவியை இப்படிக் கொண்டாடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சில வாள்களின் அடிப்பகுதியில், மரண தண்டனை பெற்றவர்களின் உடலை வெட்டிச் சோதித்ததைத் தங்க எழுத்தில் பதித்திருக்கிறார்கள், எத்தனை உடல் என்ற கணக்கோடு. படித்தபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் அதை அழிக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். தண்டனைப் பக்கத்தைக் கிழித்துவிட்ட சர்வீஸ் புத்தகத்தில் பதவி உயர்வுப் பக்கத்தையும் நம்ப முடியாது.

ஆகவே வாள் வாங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதலில் புத்தகம் வாங்கு, அருங்காட்சியகத்துக்குப் போ, வாள் பிறகு. முதலீடு என்று நினைத்தால் தங்கம் வாங்கு, தொந்தரவு இல்லை. எழுநூறு வருஷமாகப் பல கைகள் காத்த பொருள் நம் கையில் முப்பது வருஷம் இருக்கப்போகிறது. நாம் அதற்கு உரிமையாளர் இல்லை, தற்காலிகப் பொறுப்பாளர். இன்சார்ஜ் என்போமே, அது.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பரணில் தாத்தா காலத்துப் பெட்டியோ சைகோனிலிருந்து வந்த சாமானோ இருந்தால், யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பிள்ளைகளுக்குப் பொருள் கிடைக்கும். அது என்ன என்று சொல்ல நாம் இருக்க மாட்டோம்.