அறுபதா, அறுபத்துமூன்றா, எழுபதா?

இந்நாட்டிலே மனிதன் எந்த வயதில் முதியவனாகிறான்? சட்டத்தைக் கேட்டால் அறுபது என்கிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அறுபது வயது நிறைந்த ஒவ்வொருவரையும் முதியவர் என்றே கொள்கிறது. கமக்காரர் ஓய்வூதியமோ, 2014 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியபோது, அறுபத்துமூன்று வயதை நிபந்தனையாக்கியது. வறிய முதியோருக்கான மாதாந்த உதவிப்பணத்துக்கு எழுபது வயது நிறைய வேண்டும். உரிமையை எழுதும்போது கிழவனாக இருப்பவன், பணம் கொடுக்க வேண்டிய வேளையில் மீண்டும் வாலிபனாகி விடுகிறான்!

அரசாங்க உத்தியோகத்தருக்கு இத்தொல்லை இல்லை. 1901 ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு அவரைக் காத்து நிற்கிறது. தனியார் துறை ஊழியருக்கு 1958 ஆம் ஆண்டு முதல் சேமலாப நிதி உண்டு. அவர்கள் பெறுவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் அனைவருக்கும் சோறு போட்ட கமக்காரனுக்கு என்ன உண்டு?

அவனுக்காக 1987 ஆம் ஆண்டில் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இளமையில் தவணைப் பணம் கட்டு, முதுமையில் மாதந்தோறும் தருகிறோம் என்றது அரசாங்கம். அவன் நம்பினான். நெல் விற்ற காசில் கட்டினான். 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் நிதி வற்றிவிட்டது என்று கூறிக் கொடுப்பனவை நிறுத்தினார்கள். கடனை அடைக்கத் தவறிய கமக்காரனின் வாசலுக்கு அதிகாரி வருவார். வாக்களித்த ஓய்வூதியத்தைக் கொடுக்கத் தவறிய அரசாங்கத்தின் வாசலுக்கு யார் போவது?

நம் பகுதிகளில் நிலைமை இன்னும் கொடியது. அந்தச் சட்டம் வந்த 1987 ஆம் ஆண்டிலேதான் வடமராட்சி போர்க்களமாயிற்று. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் விதைப்பும் அறுப்புமே நிச்சயமற்றிருந்தன. இடம்பெயர்ந்து திரிந்தவன் எந்தக் கந்தோரில், எந்தத் தவணையைக் கட்டியிருப்பான்? போர் ஓய்ந்து ஊர் திரும்பியபோது பலருக்குத் திட்டத்தில் சேரும் வயதே கடந்துவிட்டது. மேலும், பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமென்றும், தவறினால் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாமென்றும் 2000 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நல்ல ஏற்பாடுதான். பிள்ளையைப் போரில் பறிகொடுத்த தாய் யார்மீது முறையிடுவாள்?

வறிய முதியோரின் உதவிப்பணம் 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதனை வரவேற்கிறோம். எனினும் 2022 செப்டெம்பரில், ஓராண்டுக்குள் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியதை எவரும் மறந்திருக்க முடியாது. அப்படியொரு ஏற்றம் மறுபடி வந்தால், இந்த ஐயாயிரம் மருந்துக்குக் காணுமா, அரிசிக்குக் காணுமா? விலையோடு சேர்ந்து ஏறாத உதவி ஆண்டுக்கு ஆண்டு ஓசையின்றிக் குறைக்கப்படும் உதவியே ஆகும்.

திறைசேரியில் பணமில்லை என்பார்கள். அது முற்றும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கமக்காரன் கேட்பது தர்மம் அன்று. அவன் கட்டிய பணத்துக்கு ஈடு. அதற்குத் திறைசேரியே பிணை நிற்க வேண்டும். முதுமையின் எல்லை எல்லாத் திட்டங்களுக்கும் அறுபதாக வேண்டும். போரினால் சேரும் வயதைத் தவறவிட்டவர்களுக்குத் தனியான வழி திறக்கப்பட வேண்டும்.

நம்மிடையே உள்ள வழக்கறிஞரும் ஆசிரியரும் இளைப்பாறிய உத்தியோகத்தரும் இதற்கிடையில் ஒன்று செய்யலாம். பிரதேச செயலகத்தின் படிவத்தை நிரப்பத் தெரியாமலே தமக்குரியதை இழக்கும் முதியோர் ஒவ்வொரு ஊரிலும் உளர். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை வாசிகசாலையில் அவர்களுக்காக ஒதுக்குங்கள். வடக்கு, கிழக்குப் பிரதிநிதிகளோ, அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து, அறுபதா, எழுபதா என்ற கேள்விக்கு அமைச்சரிடம் நேரான விடை கேட்கட்டும்.