ஏணி உண்டு, முதற்படி எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விளையாட்டு என்றவுடன் நம் கண்முன் நிற்பவர் வீரர். அவருக்குப் பின்னால் ஒரு பயிற்சியாளர் இருப்பதையும் நாம் அறிவோம். ஆனால் எந்தப் போட்டி எங்கே நடக்க வேண்டும், அதில் யார் கலந்துகொள்ளலாம், எது சாதனை, எது சாதனையன்று என்றெல்லாம் முடிவு செய்கின்ற நிர்வாக அமைப்புகளைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பந்தயத்தின் முடிவைக் கேட்டுக் கைதட்டுகிறோம். பந்தயத்தின் விதியை எழுதியவர் யார் என்று கேட்பதில்லை. நீச்சல் விளையாட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏணியின் அமைப்பு

நீச்சல் உலகின் நிர்வாகம் ஓர் ஏணியைப் போன்றது. அதன் உச்சியில் இருப்பது உலக அமைப்பு. 1908ஆம் ஆண்டு லண்டனில் எட்டு ஐரோப்பிய நாடுகளின் சங்கங்கள் கூடி அமைத்த ‘ஃபினா’தான் அது. 2022 டிசம்பரில் ‘வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 200க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன. அதற்கு அடுத்த படியில் ஐந்து கண்டங்களுக்கு ஐந்து சம்மேளனங்கள். நமக்குரியது ‘ஆசியா அக்வாட்டிக்ஸ்’. முன்னாளில் ஆசிய அமெச்சூர் நீச்சல் சம்மேளனம் என வழங்கியதும் இதுவே. அதற்குக் கீழே இந்திய நீச்சல் சம்மேளனம். அதற்கும் கீழே தமிழ்நாடு மாநிலச் சங்கம். அதன் அடியில் மாவட்டங்களும் மன்றங்களும்.

ஆசிய சம்மேளனம் செயற்படும் முறை எளிது. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் பேரவையாகக் கூடித் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுக்கின்றனர். நீச்சல், டைவிங், வாட்டர் போலோ, கலை நீச்சல் முதலிய பிரிவுகளைத் தொழில்நுட்பக் குழுக்கள் கவனிக்கின்றன. ஆசியச் சாம்பியன் போட்டியை எந்த நாட்டுக்கு அளிப்பது என்பதும் இங்கேதான் முடிவாகும். முதல் போட்டி 1980இல் டாக்காவில் நடந்தது. 2025ஆம் ஆண்டுப் போட்டி முதன்முறையாக இந்தியாவிற்கு, அகமதாபாத் நகருக்கு வந்தது.

இதில் நாம் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. இந்த ஏணி தனி மனிதரை அறியாது; சங்கங்களை மட்டுமே அறியும். தாம்பரத்துப் பிள்ளையொன்று எவ்வளவு விரைவாக நீந்தினாலும், மன்றம், மாநிலம், நாடு என்று படிப்படியாக ஏறித்தான் ஆசியாவின் வாசலை அடைய முடியும்.

விதியால் விளைந்த நன்மை

இத்தகைய அமைப்பு தேவைதானா என்று சிலர் கேட்கலாம். தேவை என்பதே என் கருத்து. 1972ஆம் ஆண்டு மூனிச் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை வென்றார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு! அவர்கள் நீந்திய வேகத்திற்கு அது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தூரம். ஒரு நீச்சல் குளத்தைக் கட்டும்போது அதன் நீளம் மூன்று சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. சுவரின் பிழை பத்து மடங்காக இருக்க, மூன்று மில்லிமீட்டரைக் கொண்டு வெற்றி தோல்வியை எப்படித் தீர்ப்பது? ஆய்வுக்கூடத்தில் அளவுகோலின் நுட்பத்தை மீறி விடை எழுதினால் நம் ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள் அல்லவா, அதே நியாயம்தான் இதுவும். பின்னர் விதி திருத்தப்பட்டது. நூறில் ஒரு பங்கு வரை மட்டுமே கணக்கு. அதுவரை சமமானால் இருவருக்கும் ஒரே பதக்கம். அதனால்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வெல்ல, அவருக்குப் பின்னால் மூன்று பேர் ஒருங்கே வெள்ளி பெற்றனர்.

2009ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் முறிந்தன. பெருங்காரணம் உடலை இறுக்கி மிதக்க உதவிய செயற்கை உடைகள். விலையுயர்ந்த உடையை வாங்கக்கூடிய நாடே வெல்லும் என்ற நிலை வந்தபோது, 2010 ஜனவரி முதல் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன. எளியவனுக்கும் வசதியுள்ளவனுக்கும் ஒரே விதி என்று சொல்ல ஒரு பொது அமைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் நிலை

ஆனால் ஒரே விதி இருந்தால் போதுமா? 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். வாட்டர் போலோவிலும் இந்தியாவுக்கே தங்கம். அதன்பின் ஆசிய விளையாட்டில் நீச்சல் தங்கம் நம் கைக்கு எட்டவேயில்லை. 1986 சியோலில் கஜான் சிங் பெற்ற வெள்ளி, 2010இல் வீர்தவல் காடே பெற்ற வெண்கலம், 2014இல் சந்தீப் செஜ்வால் பெற்ற வெண்கலம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒலிம்பிக்கின் முதல்தரத் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் சஜன் பிரகாஷ், ஆண்டு 2021. 2024 பாரிசுக்குச் சென்ற நம் நீச்சல் வீரர் இருவரும், தகுதி நேரத்தை எட்டாத நாடுகளுக்கென்று உலக அமைப்பு ஒதுக்கும் இடத்தில்தான் சென்றனர். அது அவர்களின் குறையன்று. 140 கோடி மக்களில் நீரில் இறங்கிப் பழக வாய்ப்புப் பெற்றவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

நம் தமிழகத்தின் குற்றாலீஸ்வரன் 1994இல், சிறு வயதிலேயே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவ்வாண்டில் மட்டும் ஆறு நீரிணைகளைக் கடந்து உலகை வியக்க வைத்தார். பின்னர் பொருளுதவி இன்மையால் நீச்சலைத் தொடர இயலாமற்போயிற்று. திறமை இருந்தது, தாங்கிப் பிடிக்கும் படி இல்லை.

முதற்படி

நம் பகுதியைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் எழுந்தது. அது நமக்குக் கிடைத்த பேறு. ஆனால் முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ வாழும் கூலித் தொழிலாளியின் பிள்ளை அதிகாலையில் இரண்டு பஸ் மாறி அங்கே சென்று, கட்டணம் செலுத்திப் பயின்று, பிறகு பள்ளிக்கும் நேரத்துக்குப் போய்விட முடியுமா? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளங்கள் உண்டு; அவை அங்கே குடியிருப்போருக்கு மட்டும்.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் நன்றாக நீந்துவார். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்ட தலைமுறை அவருடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு நீந்தத் தெரியாது. கிணறுகள் தூர்ந்தன. சேலையூர், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை என்று ஏரிகளின் பெயரால் ஊர்கள் நிற்கின்றன. அந்த ஏரிகளில் பிள்ளைகளை இறக்கிப் பழக்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் தண்ணீர் நம்மை விடுவதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டிற்குள் புகுந்த வெள்ளத்தை நாம் மறக்க இயலுமா? 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

“போட்டி நடத்துவதே சம்மேளனத்தின் வேலை, நீச்சல் கற்றுத்தருவது அரசின் வேலை” என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ‘அனைவருக்கும் நீச்சல், வாழ்வுக்கு நீச்சல்’ என்று ஃபினாவே ஒரு திட்டத்திற்குப் பெயர் சூட்டியிருந்தது. ஜப்பானைப் பாருங்கள். 1955இல் ‘ஷியுன் மாரு’ என்ற படகுக் கப்பல் மூழ்கி 168 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதற்கு முன்பே ஜப்பானியர் ஒலிம்பிக்கில் வென்றவர்கள்தாம். ஆயினும் பள்ளிதோறும் குளமும் நீச்சல் பாடமும் பரவியது அந்தத் துயரத்திற்குப் பின்னரே. பதக்கத்திற்காக அன்று, உயிருக்காக! அந்த அகன்ற அடித்தளத்தின்மீதுதான் இன்றைய ஜப்பானின் நீச்சல் நிற்கிறது.

சங்கங்களே ஓட்டளிக்கும் அமைப்பில், குளம் இல்லாத ஊருக்கு மன்றம் இல்லை. மன்றம் இல்லாத ஊருக்குக் குரல் இல்லை. 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசியச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் விளையாட்டு வீரர்களுக்கும் இடம் தரவேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் இன்னும் நீரில் இறங்காத பிள்ளைக்காக அங்கே யார் பேசுவார்?

என் வேண்டுகோள்கள் மூன்று. வேளச்சேரி வளாகத்தில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கென வாரத்தில் சில மணி நேரம் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். தாம்பரம் மாநகராட்சி தன் எல்லைக்குள் ஒரு பொது நீச்சல் குளமேனும் அமைத்து, பயிற்சியாளரையும் உயிர்காப்பாளரையும் நியமிக்க வேண்டும். மாநிலச் சங்கம் அரசுக் கல்லூரிகளில் நீச்சல் மன்றங்கள் தோன்றத் துணைநின்று, அவற்றுக்கும் சங்கத்தில் இடமளிக்க வேண்டும்.

இவற்றில் மூன்றாவதற்கு நாம் யாரையும் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. நம் உடற்கல்வி ஆசிரியர் முன்னிற்க, இருபது மாணவர் பெயர் கொடுத்தால் இந்த ஆண்டே மன்றம் தொடங்கலாம். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.