சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரி வழியாக

டிசெம்பர் மாதப் பூரணை தொடங்கி மே மாத வெசாக் பூரணை வரையும் சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலம். இக்காலம் வந்ததும் மாணவர் எம்மை வந்து கேட்பது ஒரே வினாத்தான்: "சேர், எந்த வழியால் ஏறுவது நல்லது?" அதற்கு நாம் முன்பெல்லாம் ஒரு விடை கூறி வந்தோம்; இப்பொழுது வேறொரு விடை கூறுகின்றோம். விடை மாறிய காரணத்தை இவ்வாரம் வாசக நேயர்களுக்கு எடுத்துரைக்க எண்ணுகின்றோம்.

சிவனொளிபாதமலையின் உயரம் 7,359 அடி. மீற்றர்க் கணக்கில் 2,243. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரம் இதுவன்று; 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையே அப்பெருமைக்குரியது. எனினும் சுற்றியுள்ள மலைகளினின்றும் விலகி, கூம்பு வடிவாய்த் தனித்தெழுந்து நிற்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு இதுவே மலையரசாகத் தோன்றுகின்றது. உச்சிப் பாறையிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவபெருமான் திருவடி என்பர். பௌத்தர் புத்தர்பிரான் திருவடி என்பர். இசுலாமியர் ஆதிபிதா ஆதமின் அடிச்சுவடு என்பர். கிறித்தவருள் அதனைத் தோமையார் பாதம் என்பாரும் உளர். நால்வகைச் சமயத்தவரும் ஒரே படிக்கட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஏறும் மலை உலகில் அரிது.

ஏறும் வழிகளுள் மூன்று பெயர்பெற்றவை. ஹட்டன், மஸ்கெலியாவைக் கடந்து நல்லதண்ணியிலிருந்து ஏறுவது முதலாவது. தூரம் குறைவு, ஆனால் படிகளோ ஐயாயிரத்துக்கு மேல். இக்காலத்திற் பெரும்பாலோர் செல்வது இவ்வழியே. குருவிட்ட, எரத்ன வழியாகக் காட்டினூடே ஏறுவது இரண்டாவது. இரத்தினபுரியிலிருந்து கிலீமலை, பலாபத்தல வழியாக ஏறுவது மூன்றாவது. நல்லதண்ணியிற் கால்வைக்கும்போதே நாம் நாலாயிரம் அடி உயரத்தில் நிற்கின்றோம்; இரத்தினபுரிப் பக்கத்திலோ தாழ்ந்த பள்ளத்தாக்கிலிருந்து முழுமலையையும் காலால் அளந்தாக வேண்டும்.

இப்பாதை மிகத் தொன்மையானது. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விசயபாகு மன்னன், யாத்திரிகருக்கு உணவளிக்கும்பொருட்டுக் கிலீமலைக் கிராமத்தை மானியமாக விட்டான் என்று சூளவம்சம் கூறுகின்றது. இன்றும் இரத்தினபுரிப் பாதையிற் செல்வோர் அக்கிராமத்தைக் கடந்தே செல்கின்றனர். தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும், இரத்தினதீவத்துச் சமந்தமலை உச்சியிலுள்ள புத்தரின் திருவடியைப் பேசுகின்றது.

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா எழுதிவைத்த செய்திகளோ மிகச் சுவையானவை. புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னர் அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், துணைவர் பதின்மர், சுமை தூக்குவோர் பதினைவர் ஆகியோரையும் உடன் அனுப்பிவைத்தார். மலையிற் கண்ட அட்டைகளை விவரிக்குமிடத்து, அவை உடலிற் பற்றினால் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிவர் என்கின்றார். இன்று நாம் உப்பையும் சவர்க்காரத்தையும் கொண்டுசெல்கின்றோம். அட்டைகள் மட்டும் மாறவில்லை! பாறையில் அறையப்பட்ட இரும்புச் சங்கிலிகள் பத்தினையும் அவர் குறிப்பிடுகின்றார். பத்தாவது சங்கிலியிலிருந்து கீழே நோக்குவோர், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தாற் கலிமா ஓதுவராம்.

அவர் நூலிலுள்ள வேறொரு செய்திதான் எம்மை ஆட்டிவைத்தது. மலைக்கு இரு பாதைகள் உண்டென்றும், ஒன்று எளியது, மற்றது செங்குத்தானது என்றும், எளிய வழியாற் செல்பவரை யாத்திரை செய்தவராகவே அவ்விடத்தார் மதிப்பதில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். ஹட்டன் வழியால் மூன்று முறை ஏறியிருந்த எமக்கு இது முள்ளாய்த் தைத்தது. அடுத்த முறை மாணவரை அழைத்துக்கொண்டு இரத்தினபுரி வழியாலேயே ஏறுவதென்று உறுதிபூண்டோம். "கடினமான வழியே கல்வி" என்று வகுப்பிலும் முழங்கினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாணவர் 18 பேருடனும் இளம் ஆசிரியர் ஒருவருடனும் பலாபத்தலையிலிருந்து நண்பகலிற் புறப்பட்டோம். தொடக்கத்திலேயே பாதை ஏறத்தொடங்குகின்றது. மரங்களின் வேர்களே சிலவிடத்துப் படிகள். பாறையிற் செதுக்கிய படிகளோ தேய்ந்து வழுக்குபவை. சோலைக்காடு இருபுறமும் நெருங்கி நின்று வானத்தை மறைக்கின்றது. எதிரே இறங்கிவரும் சிங்கள யாத்திரிகர் "கருணாவாய்" என்று வாழ்த்த, நாமும் அவ்வாறே மறுமொழி கூறி ஏறினோம். நீலிஹெல என்னுமிடத்திற் பெரும்பள்ளத்தை நோக்கி மாணவர் கூவினர். மலை அவர்தம் குரலைத் திருப்பித் தந்தது.

மாலையிற் சீதகங்குலையை அடைந்தோம். பெயருக்கேற்பப் பனிக்கட்டி போன்ற நீர். அதில் நீராடிச் செல்வது யாத்திரிகர் வழக்கம். மாணவர் குதித்தாடினர். நேரமாகிவிட்டதென்று நாம் அவசரப்படுத்தவே, பலர் ஈர உடையின்மேற் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தனர். சிறிது தூரம் செல்வதற்குள் மழை தூறியது. அதன்பின் காற்றும் எழுந்தது. ஆங்காங்கிருந்த மின்விளக்குகளை மூடுபனி விழுங்கிவிட்டது. நாம் மின்சூளைப் பிடித்தபடி, வலிமைமிக்க மாணவர் நால்வருடன் முன்னே நடந்தோம். இளம் ஆசிரியரோ தங்குமிடம் பார்க்கவென்று எமக்கும் முன்னே சென்றுவிட்டார். பின்னால் வருபவர் எம் வேகத்துக்கு வந்துசேர்வர் என்பது எம் எண்ணம்.

இரவு பத்து மணியளவில் ஹெரமிட்டிபானையை அடைந்து, அம்பலத்தில் மாணவரை எண்ணினோம். பதினேழு பேர். மீண்டும் எண்ணினோம். பதினேழே! பதினெட்டாமவனைக் கடைசியாகப் பார்த்தது எங்கேயென்று கேட்டால், ஒருவன் சீதகங்குல என்றான். மற்றொருவன் அதற்கப்பால் ஒரு திருப்பத்தில் என்றான். அவ்வேளை எம் உள்ளம் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது. பள்ளத்தை நோக்கி மாணவர் கூவிய ஒலியே மீண்டும் மீண்டும் காதில் விழுந்தது.

மின்சூளுடன் கீழே விரைந்தோம். கால்மணி நேரம் இறங்கியிருப்போம். எதிரே ஒரு சிங்களக் குடும்பம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலிற் சிறுவர், பின் பெண்கள், எல்லாருக்கும் பின்னால் வெள்ளுடை அணிந்த முதியவர் ஒருவர். அவர் தோளிற் சாய்ந்தபடி எம் மாணவன். அவர் தம் கம்பளியை அவனுக்குப் போர்த்தியிருந்தார். "தம்பி, என்ன செய்கிறது?" என்று கேட்டோம். நா குழறியது, சொற்கள் கோவையாக வரவில்லை. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை, தான் நிற்குமிடம் எதுவென்று அறியாமல் எம் முகத்தையே பார்த்தான்.

வாசகர் ஒன்றை ஈண்டு அறிந்துகொள்ளல் வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகின்றது. இக்கணக்கின்படி, இரத்தினபுரி நகரினும் மலையுச்சி ஏறக்குறைய 13 பாகை குளிர்ந்திருக்கும். ஈர உடையும் காற்றும் சேர்ந்தால், உடல் தன் வெப்பத்தை மிக விரைவில் இழக்கின்றது. முதலிற் கடும் நடுக்கம். பின் தள்ளாட்டம், நாக்குழறல், மயக்கம். நடுக்கம் தானாக நின்றுவிடுமாயின் அது தேறியதன் அடையாளமன்று, பேராபத்தின் அடையாளம். பனிபெய்யும் நாடுகளில் மட்டுமே இது நேரும் என்று எண்ணுவது தவறு. ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையாற் போர்த்து, காற்றுப் படாத இடத்தில் இருத்தி, விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் இனிப்பான சூடுள்ள பானம் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். கைகால்களைத் தேய்த்தலும், மதுபானம் கொடுத்தலும் கூடாதவை.

அம்முதியவரின் குடும்பத்துப் பெண்கள் இவற்றையெல்லாம் நூலிற் படித்தவரல்லர். ஆயினும் ஒன்றும் வழுவாமற் செய்தனர். தம் மூட்டையிலிருந்து உலர்ந்த சாரமும் சட்டையும் எடுத்தளித்தனர். கொத்தமல்லி அவித்த நீரிற் சர்க்கரை கலந்து பருக்கினர். ஒருமணி நேரத்தின்பின் அவன் எம்மைப் பார்த்து, "சேர், மன்னிக்கவேண்டும்" என்றான். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. அவனிடம் அதைச் சொன்னோம். அவன் உறங்கினான்.

சிங்கள யாத்திரிகர் கூட்டத்தை 'நடே' என்பர். அதன் தலைவர் 'நடே குரு'. அம்முதியவரே அக்கூட்டத்தின் நடே குரு. தலைவர் ஏன் கடைசியில் வருகின்றீர் என்று எமக்குத் தெரிந்த சிங்களத்தில் வினவினோம். அவர் வியப்புடன் எம்மை நோக்கி, "முன்னே படி இருக்கிறது, அது வழிகாட்டும். பின்னே விழுகிறவனை யார் பார்ப்பது?" என்றார். பட்டம் பெற்று இருபது ஆண்டு கற்பித்த எமக்கு இவ்வெளிய செய்தி தோன்றவில்லை.

அதிகாலை இரண்டு மணிக்கு மற்ற மாணவரை இளம் ஆசிரியருடன் அனுப்பினோம். அவர் கடைசியில் நடப்பதென்று ஏற்பாடு. நாம் உறங்கும் மாணவன் அருகிலே தங்கிவிட்டோம். உச்சியிலிருந்து காணும் சூரியோதயமும், மேற்கே மூடுபனியின்மீது முக்கோணமாய் விழும் மலைநிழலும் அன்று எமக்கு வாய்க்கவில்லை. மலையின் வடிவம் எதுவாயினும், நெடுந்தூரம் நீளும் நிழல் தொலைவிற் குறுகித் தோன்றுவதால் முக்கோணமாகவே காணும் என்று வகுப்பிற் படம் வரைந்து காட்டியிருந்தோம். படம் வரைந்தவர் கீழே இருக்க, படித்தவர் பதினேழு பேரும் மேலே நின்று அதனைக் கண்டனர்.

விடிந்தபின் மாணவன் எழுந்து பசிக்கின்றது என்றான். அச்சொல்லைப்போல் இனிய சொல்லை நாம் கேட்டதில்லை. உண்டு இளைப்பாறியபின், "ஏறுவோமா, இறங்குவோமா?" என்று அவனையே கேட்டோம். "மெதுவாக ஏறலாம், சேர்" என்றான். மகாகிரிதம்ப என்னும் இறுதி ஏற்றம் மிகச் செங்குத்தானது. இரும்புக் கம்பியைப் பற்றியே ஏறவேண்டும். இருபது படிக்கு ஒருமுறை அமர்ந்தோம். அவன் முன்னே, நாம் பின்னே. உச்சியை அடைந்தபோது வெயில் நன்கு ஏறியிருந்தது. திருவடியை வணங்கி நின்றோம்.

ஆகவே, எந்த வழியால் ஏறுவது நல்லது என்று கேட்கும் மாணவருக்கு இப்பொழுது நாம் கூறும் விடை இதுதான்: உங்கள் கூட்டத்தில் மிக மெலிந்தவரால் ஏறக்கூடிய வழியே நல்ல வழி. உலர்ந்த மாற்றுடையை நீர்புகாத பையிலும், இனிப்பான உணவைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நீராடினால் உடை மாற்றாமல் நடவாதீர்கள். ஓய்விடந்தோறும் ஆளெண்ணிப் பாருங்கள். மூத்தவர் ஒருவர் கடைசியில் நடக்கட்டும்.

மலையுச்சியில் மணி ஒன்று உண்டு. எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை முறை அதனை அடிப்பது வழக்கம். மாணவன் ஒருமுறை அடித்துவிட்டுக் கயிற்றை எம்மிடம் தந்தான். நான்கு முறை அடிக்க எமக்கு உரிமையுண்டு. எனினும், பிறரை அழைத்துக்கொண்டு மலையேறுவது எவ்வாறென்று அன்றுதான் கற்றோம் ஆதலின், நாமும் ஒருமுறையே அடித்தோம்.