தாய்மொழியில் இல்லாத சட்டம் தாயைக் காக்குமா?

உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அதற்கு உரியவர் கையில் இருப்பது வேறு. ஏட்டில் உள்ளது கைக்கு வந்து சேர இடையே ஒரு பாலம் வேண்டும். அப் பாலம் மொழியே ஆகும். தொழிற்களத்தில் நிற்கும் தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டம் பல உரிமைகளை வழங்கியிருக்கின்றது. அவற்றுள் எத்தனையை அவள் அறிவாள்? அறியாமற் போனமைக்கு யார் பொறுப்பு? இவ் வினாக்களைத் தமிழியக்கத்தார் கேளாமல் வேறு யார் கேட்பர்?

‘மொழியுரிமை ஒரு பணி, பெண்ணுரிமை மற்றொரு பணி, இரண்டையும் ஒன்றாகப் பிசைதல் வேண்டா’ என்பார் நம்முள்ளும் சிலர் உளர். அக் கூற்றுப் பொருந்தாது என்பதை நிறுவுதலே இக் கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், பிற நாடுகளில் உழைக்கும் பெண்டிர் நிலையையும் நம் நிலையையும் ஒருங்கு வைத்து நோக்குதல் நன்று.

1919 ஆம் ஆண்டில் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடே மகப்பேற்றுக் காப்பு குறித்து ஓர் உடன்படிக்கை செய்தது. மகப்பேற்றுக்கு முன் 6 கிழமை, பின் 6 கிழமை என 12 கிழமை ஓய்வு அதன்கண் வகுக்கப்பெற்றது. 2000 ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதனை 14 கிழமையாக உயர்த்தியது. சுவீடன் நாடு 1974-இல் இன்னும் ஒருபடி மேற்சென்று, பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும் உரியதாக்கியது. இன்று அந்நாட்டில் ஒரு பிள்ளைக்கு 480 நாள் உதவித்தொகையைப் பெற்றோர் இருவரும் பகிர்ந்து கொள்கின்றனர். செல்வத்திற் சிறந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவோ 1993-இல் இயற்றிய சட்டத்தால் 12 கிழமை விடுப்பை மட்டுமே தந்தது. அதுவும் ஊதியமில்லா விடுப்பு. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் இல்லை. செல்வம் மிகுந்த இடத்தில் அறமும் மிகும் என எண்ணுவார்க்கு இஃது ஒரு பாடம்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1929-இல் பம்பாய் மாகாணமும், அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணமும் மகப்பேற்றுச் சட்டம் செய்தன. 1961-இல் நடுவணரசு 12 கிழமை விடுப்பைச் சட்டமாக்கியது. 2017-இல் அது முதலிரு பிள்ளைகளுக்கு 26 கிழமையாக உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசு தன் பெண் பணியாளர்க்கு 2021-இல் 12 மாத விடுப்பு வழங்கியது. ஈழமும் மலையகமும் அடங்கிய இலங்கையில் மூன்றாம் பிள்ளைமுதல் விடுப்பைப் பாதியாகக் குறைத்திருந்த முறை 2018-இல் நீக்கப்பட்டு, எல்லாப் பிள்ளைகட்கும் 84 நாள் என ஆக்கப்பட்டது. ஏட்டளவில் நோக்கின், அமெரிக்கப் பெண்ணினும் தமிழ்ப்பெண் பன்மடங்கு பேறு பெற்றவள்.

ஆயின் ஏட்டைச் சற்று உள்நுழைந்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது, அவ் விடுப்புக்கான ஊதியத்தை யார் தருவது? சுவீடனில் ஆணாயினும் பெண்ணாயினும் எல்லாப் பணியாளர்க்காகவும் முதலாளிகள் செலுத்தும் பொதுநிதியிலிருந்து அது தரப்படுகின்றது. பெண்ணொருத்தியை வேலைக்குச் சேர்ப்பதால் எந்த முதலாளிக்கும் தனிச்சுமை இல்லை. இங்கோ, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வாராத பெண்ணுக்கு 26 கிழமை ஊதியத்தையும் அவள் முதலாளியே தருதல் வேண்டும். தனியொரு முதலாளி தலையில் இச்சுமையை ஏற்றலாகாது என 2000 ஆம் ஆண்டின் உடன்படிக்கை தெளிவாகக் கூறுகின்றது. அதனைச் செவிமடாமையால் விளைவது யாது? ‘மணமான பெண்ணா? வேண்டா’ என வாயிலிலேயே மறுத்துவிடும் வழக்கம். சட்டம் கொடுத்த கையாலேயே வேலையைப் பறித்துவிடுகின்றது. விடுப்பைக் குறைத்தல் இதற்கு மருந்தன்று. செலவைப் பொதுநிதியில் ஏற்றலே மருந்து.

இரண்டாவது, ஒத்த ஊதியம். இங்கிலாந்தில் தாகனாம் என்னும் ஊரின் போர்டு ஊர்தித் தொழிற்சாலையில் இருக்கையுறை தைத்த பெண்கள் 1968-இல் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாக 1970-இல் அங்கு ஒத்த ஊதியச் சட்டம் பிறந்தது. ஐசுலாந்தில் 1975 அக்டோபர் 24 ஆம் நாள் பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் அலுவலகப் பணியையும் அடுப்படிப் பணியையும் ஒருங்கே நிறுத்தினர். நாடே நின்றது. மறு ஆண்டே சட்டம் வந்தது. அந்நாட்டில் 2018 முதல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த ஊதியம் தருவதை நிறுவனமே சான்று காட்டி மெய்ப்பித்தல் வேண்டும். இங்கோ 1976-இல் சட்டம் வந்தது. ஆனால் அதன் சொல்லைக் கூர்ந்து நோக்குக. ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை’ என்றது அச் சட்டம். 1951 ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையோ ‘ஒத்த மதிப்புடைய வேலை’ என்றது. இவ் விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் நம் நடவுப் பெண்ணின் கூலி காணாமற் போகின்றது. வரப்பு வெட்டுவது ஆண் வேலை, நாற்று நடுவது பெண் வேலை என முன்னரே பிரித்து வைத்துவிட்டால் ‘ஒரே வேலை’ என்னும் வழக்கே எழாது. நாள் முழுதும் சேற்றில் குனிந்து நிற்கும் உழைப்பின் மதிப்பு மண்வெட்டி பிடிக்கும் உழைப்பின் மதிப்பினும் குறைந்ததென எந்த அறநூல் சொல்லிற்று? ஒரு சொல்லைச் சுருக்கினால் ஒரு கூலி சுருங்கும். சொல்லாராய்ச்சி வெறும் புலவர் பொழுதுபோக்கு என நகைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

மூன்றாவது, உட்காரும் உரிமை. கடைப்பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைத்தல் வேண்டும் என இங்கிலாந்து 1899-இல் சட்டம் செய்தது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியபின் கேரளம் 2018-இல் செய்தது. தமிழ்நாடு 2021-இல் செய்தது. வெள்ளையன் நாட்டுப் பெண் உட்கார்ந்து 122 ஆண்டு கழித்தே தமிழ்ப்பெண் உட்காரலாம் என ஏடு கூறிற்று. புதுக்கோட்டைக் கீழராச வீதியிலோ அறந்தாங்கிக் கடைத்தெருவிலோ துணியெடுக்கச் செல்லும் அன்பர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘தங்கையே, உனக்கு இருக்கை தருதல் வேண்டும் எனச் சட்டம் இருப்பதை அறிவாயா?’ என வினவுங்கள். அவள் விடையே இக் கட்டுரைக்கு உரையாகும்.

அவள் ஏன் அறியவில்லை? இங்குத்தான் மொழி வருகின்றது.

ஐசுலாந்தின் மக்கள்தொகை நான்கு நூறாயிரத்திற்கும் குறைவு. புதுக்கோட்டை மாவட்ட மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கு! அச் சிறு நாட்டுப் பெண் தன் உரிமையைத் தன் மொழியில் படிக்கின்றாள், தன் மொழியில் வழக்காடுகின்றாள். 1985-இல் சப்பான் இயற்றிய வேலைவாய்ப்பு ஒப்புரிமைச் சட்டம் சப்பானிய மொழியிலேயே உள்ளது. சுவீடன் பெண் தன் விடுப்பைக் கேட்க இன்னொரு நாட்டு மொழியைக் கற்க வேண்டியதில்லை. ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழர் வாழும் நாட்டில் மட்டும், உழைப்பவள் உரிமை அவளுக்குத் தெரியாத மொழியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. நடுவணரசுச் சட்டங்களுக்கு ஆங்கில மூலமே அறுதி என்கின்றது அரசமைப்பின் 348 ஆம் பிரிவு. பிற மொழிகளிலும் ஏற்புடைய மொழிபெயர்ப்பு வெளியிடலாம் என 1973-இல் ஒரு சட்டம் வந்தது. எனினும் தொழிற்கூட வாயில்வரை அம் மொழிபெயர்ப்பு வந்து சேரவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் வழக்குமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. சென்னை உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டுமென நம் சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய முடிவோ ஏற்கப்படவே இல்லை.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நமக்குத் துணையாக நிற்கும் விதிகள் அச் சட்டங்களுக்குள்ளேயே இருக்கின்றன! 1961 ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, அச் சட்டத்தின் சுருக்கத்தை அவ்வூர் மொழியில் எழுதிப் பெண்கள் வேலை செய்யும் இடந்தோறும் பலர் காண வைத்தல் வேண்டுமென ஆணையிட்டது. 1946 ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமும், 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் பெரும்பாலான தொழிலாளர்க்கு விளங்கும் மொழியில் அறிவிப்பு வைக்கச் சொல்லின. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையிற் சேரும் நாளிலேயே ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் உரிமைகளை எழுத்தில் தெரிவித்தல் வேண்டுமெனக் கூறியது. 2025 நவம்பர் 21 ஆம் நாள் 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கி 4 சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மகப்பேற்று உரிமையை அவ்வூர் மொழியில் எழுதி வைக்கும் கடமை புதிய தொகுப்பிலும் தொடர்கின்றது. ஆகவே, ஆலை வாயிலில் தமிழ்ப்பலகை கேட்பது மொழிவெறி அன்று. அது சட்டம் இட்ட கட்டளை. நாம் கடைப்பெயர்ப் பலகையைத் தமிழில் மாற்றப் போராடினோம், நன்று. அக் கடைக்குள் நிற்கும் பெண்ணுக்கு உரிய பலகையை என்று கேட்டோம்?

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் இத்தகையதே. 1997-இல் தலைமை வழக்குமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது. 2013-இல் சட்டம் வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடந்தோறும் ஒரு பெண் தலைமையில் உள்ளக முறையீட்டுக் குழு அமைத்தல் வேண்டும். பத்துக்குக் குறைந்த இடத்தாரும் வீட்டு வேலை செய்வோரும் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். மூன்று மாதத்திற்குள் எழுத்தில் முறையிடல் வேண்டும். வாய் திறக்கவே அஞ்சி நிற்கும் பெண், தனக்கு விளங்காத ஆங்கிலப் படிவத்தை நிரப்பித் தன் மானத்தை மீட்டுக்கொள்வாள் என எதிர்பார்ப்பது கொடுமையினும் கொடுமை. துயரைச் சொல்லத் தாய்மொழி ஒன்றே வாயாகும்.

மொழியறிவு உரிமையாக மாறும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டா. 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. கல்லுடைப்போரும் களையெடுப்போருமாகிய பெண்கள் மாலைப்பொழுதில் தமிழெழுத்துக் கற்றனர். அவ் வெழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். அக்காலத்து மாவட்ட ஆட்சியர் சீலாராணி சுங்கத் அவர்கள் முயற்சியால், கல்குவாரிகள் பல பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பெற்றன. கொத்தடிமைபோல் பிறர்க்குக் கல்லுடைத்தவர் தாமே குத்தகைதாரர் ஆயினர். கணக்கைத் தாமே எழுதினர். அவர்க்கு அவ் வலிமையைத் தந்தது ஆங்கிலமும் அன்று, இந்தியும் அன்று. மாலைப்பள்ளியிற் கற்ற தமிழ். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்பை மீறிப் பயின்று, 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் முதற்பெண்ணாக அமர்ந்த முத்துலட்சுமி அம்மையாரும் இம் மண்ணிற் பிறந்தவரே. 1929-இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் எத்தொழிலையும் மேற்கொள்ளும் உரிமையும் வேண்டிற்று. நமக்கு வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை.

கழகப் பெண்பாற் புலவர் பெயர்களை மேடைதோறும் அடுக்குகின்றோம். பருத்தி நூற்ற பெண்டிரையும் உப்பு விற்ற பெண்டிரையும் பழந்தமிழ்ப் பாட்டில் காட்டி மகிழ்கின்றோம். மகிழ்க, ஆனால் அவ்வளவில் அமைதல் போதாது. இன்று நூற்பாலையில் நூல் நூற்பவளும் தமிழ்ப்பெண்ணே. திருமணச் செலவுக்குத் திரள்தொகை தருவதாகச் சொல்லி, ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் வடசொற் பெயரால் மூன்றாண்டு விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய கொடுமை இத் தமிழ்நாட்டு ஆலைகளில் நடந்தது. பெயரில் இருந்த வடமொழியை மட்டும் கண்டு சினந்து, உள்ளே இருந்த பெண்ணைக் காணாது போவோமாயின் நம் தமிழ்ப்பற்று உமியாகும்; அரிசியாகாது.

ஆகவே தமிழ்நெஞ்சங்களுக்கு நான்கு பணிகளை முன்வைக்கின்றேன்.

ஒன்று: தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கிற்கும் ஏற்புடைய தமிழ் மொழிபெயர்ப்பு வெளியிடுமாறு நடுவணரசையும் தமிழ்நாட்டரசையும் வலியுறுத்தல் வேண்டும். அம் மொழிபெயர்ப்பு, படித்தவர்க்கும் விளங்காத கடுந்தமிழாக இல்லாமல், ஆலைப்பெண் படித்து அறியும் தெளிதமிழாக இருத்தல் வேண்டும். இதில் நம் புலவர் பெருமக்கள் கைகொடுத்தல் கடன்.

இரண்டு: ஒவ்வோர் ஊர்க்கிளையும் தன் எல்லையிலுள்ள ஆலை, கடை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றில் தமிழில் உரிமைப்பலகை உளதா எனப் பார்த்து, இல்லாவிடத்துத் தொழிலாளர் துறைக்கு எழுத்தில் முறையிடல் வேண்டும்.

மூன்று: வேலை ஆணை, ஊதியச் சீட்டு, முறையீட்டுப் படிவம் ஆகிய மூன்றும் தமிழில் தரப்படுதல் வேண்டும். பள்ளியிறுதி முடித்து வேலைக்குச் செல்லும் மாணவியர்க்கு இம்மூன்றையும் படித்துணரத் தமிழ் வகுப்பிலேயே பயிற்சி தருதல் வேண்டும்.

நான்கு: நம்மவர் நடத்தும் அச்சகங்களிலும் கடைகளிலும் தனிப்பள்ளிகளிலும் இவ் வுரிமைகள் முதற்கண் நடைமுறைக்கு வருதல் வேண்டும். அச்சுக்கோத்தும் தாள்மடித்தும் நம் இதழ்களை உருவாக்கும் பெண்ணுக்கு ஒத்த கூலியும் ஓர் இருக்கையும் தாராதவர், பெண்ணுரிமை பற்றி எழுத என்ன தகுதி உடையர்?

மொழியைத் தாய் என்கின்றோம். அத் தாய்க்குக் கோயில் எடுக்க வேண்டா. கொடி பிடித்தால் மட்டும் போதாது. உழைக்கும் தமிழ்த்தாய் ஒருத்தி தன் உரிமையைத் தன் மொழியிற் படித்து, ‘இஃது எனக்கு உரியது’ எனத் தலைநிமிர்ந்து கேட்கும் நாள் வரட்டும். தமிழ் ஆட்சிமொழியான நாள் அதுவே என்க.